கஞ்சி போட்ட பத்துப் பவுண்டு

கன்னத்தில் கைவைத்த அந்த அம்மாளைச் சத்தியநாதன் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவையாவது பார்க்கிறார். அயர்லாந்து நாட்டின் பழைய பண நோட்டுகளில் இருக்கிறவள். தலையில் முக்காடு, முகத்தில் ஏதோ யோசனை, கை கன்னத்தில். எட்டு வருஷமாக இதே முகம். இவருக்கும் அலுத்துவிட்டது, அவளுக்கும் அலுத்துத்தான் போயிருக்க வேண்டும். மனைவி தபீதாள் ஒரு நாள் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். "பொம்பளை கன்னத்துல கை வெச்சா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. இவங்க நோட்டுலயே வெச்சிருக்காங்க. அந்த ஊரு எப்படிங்க விளங்கிச்சு?" என்று கேட்டாள். விளங்கிய ஊர்தான், அங்கிருந்துதான் நம் வீட்டு வாடகை வருகிறது என்றார் சத்தியநாதன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாவது மாடி வீடு. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வருஷம் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். கிளையை இன்னொரு கிளையோடு சேர்த்தபோது, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சானடோரியம் என்கிற பக்கத்து ஏரியாவில் ஒரு சின்னக் கம்பெனி. வெளிநாட்டு ஏலக்காரர்களுக்கு இங்கிருந்து பட்டியல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியும் இரண்டு வருஷத்தில் மூடிக்கொண்டது. ஆனால் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஏலக்காரர் ஒருவர் மட்டும் இவருடைய கண்ணின் கூர்மை பிடித்துப்போய், நேரடியாகவே வேலை கொடுக்க ஆரம்பித்தார்.

வேலை இதுதான். அயர்லாந்தில் யார் யாரோ பெட்டியின் அடியில் கிடந்த பழைய நோட்டுகளை அந்த ஏலக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புவார். நம் மதிய நேரத்தில் படங்கள் வந்து சேரும். சத்தியநாதன் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, மடிப்பு எத்தனை, ஓரம் தேய்ந்திருக்கிறதா, ஊசித்துளை உண்டா, யாராவது பேனாவால் கிறுக்கியிருக்கிறார்களா என்று பார்த்து நாலு வரி எழுதி, என்ன விலை போகும் என்று ஒரு மதிப்பும் போட வேண்டும். அதை நம்பித்தான் உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிறவன் இன்டர்நெட்டில் ஏலம் கேட்பான். அந்தத் தொழிலில் தர வரிசையே ஒரு தினுசு. 'நன்று' என்று எழுதினால் கந்தல் என்று அர்த்தம். முதல் மாதம் இது தெரியாமல் நல்ல நோட்டுக்கெல்லாம் நன்று போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வங்கியில் இருந்தவரைக்கும் நோட்டு என்பது விரலில் இருந்தது. ஒரு சுண்டு சுண்டினால் போதும், கள்ளத்தனம் காதிலேயே தெரிந்துவிடும். இங்கே விரலுக்கு வேலையில்லை, எல்லாம் கண்தான். அந்தக் கண்ணும் இப்போது தவணை சொல்ல ஆரம்பித்துவிட்டது. இரண்டிலும் புரை வளர்கிறது, தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாயங்காலமானால் வெள்ளைத் தாளெல்லாம் மஞ்சளாகத் தெரியும். முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் பொக்கிஷத்தை 'மடிப்பில் கிழிசல்' என்ற இரண்டே வார்த்தையில் பாதி விலைக்கு இறக்கிவிட்டு எழுந்திருக்கும்போது மனசு கசந்து கிடக்கும். இத்தனைக்கும் ஒரு நாள்கூட ஒரு அயர்லாந்து நோட்டைக் கையால் தொட்டதில்லை. கல்யாண வீட்டுச் சமையலை போட்டோவில் பார்த்து உப்புப் போதுமா என்று சொல்கிற பிழைப்பு.

செல்வமேரி வந்தது தபீதாள் வழியாக. தபீதாள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். செல்வமேரி அங்கே ஆயா. அறுபதைத் தாண்டியவள், புருஷன் போய்ப் பத்து வருஷம். வீடு முடிச்சூர் தாண்டி, தாழ்வான இடத்தில். அந்தப் பக்கத்தில் ரோடு போடுகிறவர்கள் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ரோடு ஏற ஏற வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. காசு இருக்கிறவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்கிக்கொண்டார்கள். செல்வமேரிக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தூக்கியாயிற்று. முன்பு தெருவிலிருந்து மட்டும் வந்த மழைத் தண்ணீர் இப்போது மூன்று பக்கத்திலிருந்தும் அவள் வீட்டுக்கு வருகிறது. போன வருஷம் கட்டிலின் மேல் நாற்காலி, நாற்காலியின் மேல் செல்வமேரி என்று இரண்டு நாள் இருந்தாளாம். வீட்டைத் தூக்க நாலரை லட்சம் கேட்டார்கள். நாலரை லட்சத்துக்கு அவள் எங்கே போவாள்?

தபீதாள் ஒரு நாள் பேச்சுவாக்கில் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்ல, செல்வமேரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அயர்லாந்து காசா மேடம்? எங்கிட்ட ஒரு தாள் கீதே" என்றாள்.

அன்று சாயங்காலமே வாட்ஸப்பில் படம் வந்தது. சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். கன்னத்தில் கைவைத்த அம்மாள் இல்லை இது. அவளுக்கும் கொஞ்சம் பிந்திப் புறப்பட்டு, அவளுக்கு முன்பே நின்றுபோன வகை. இரண்டு குதிரை பூட்டி ஒருவர் ஏர் உழுகிற படம். பத்துப் பவுண்டு. நடுவில் ஒரு மடிப்பு, அழுக்கு லேசாக, அவ்வளவுதான். மையும் தாளும் அச்சகத்திலிருந்து வந்தபடி இருந்தன. இந்த மாதிரி நோட்டுகள் ஏலத்துக்கு வருவதே அபூர்வம், வந்தாலும் அநேகமாகச் சீக்காளியாகத்தான் வரும்.

உடனே போனில் கூப்பிட்டார். அவள் கதையை அவள் வழியிலேயே சொன்னாள். பல்லாவரம் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். அங்கே பிரிஜித் என்று ஒரு அயர்லாந்து சிஸ்டர். இருபத்தோரு வயதில் கப்பல் ஏறியபோது, பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடு என்று அவருடைய அம்மா வழிச்செலவுக்குக் கொடுத்த பணம். சிஸ்டர் திரும்பிப் போகவே இல்லை. தொண்ணூற்றெட்டு வயதில் கண்ணை மூடுகிறவரைக்கும் அந்தப் பணம் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. கடைசிக் காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதற்காகப் புத்தகத்தை இவளிடம் கொடுத்துவிட்டார். கூடவே வேலை பார்த்த தன் தங்கை ஞானஜோதிக்கும் ஏதோ கொடுத்தார் என்று செல்வமேரி சொல்லிக்கொண்டே போனாள். சத்தியநாதன் அதைக் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு அறுபத்திரண்டு நோட்டு பார்த்திருந்தார். இன்னும் ஒன்பது பாக்கி. கண்ணில் மருந்து விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு போகும் என்று அவள் கேட்டாள். தொழில் தெரிந்தவன் நோட்டைக் கையில் வாங்காமல் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தார். இரண்டு லட்சம் வரைக்கும் போகலாம் என்றார். உடனே அவள், "அத எப்டி சார் வெச்சிக்கணும்?" என்று கேட்டாள்.

"நல்லா சுத்தமா, மடிப்பு கிடிப்பு இல்லாம இருந்தா நல்ல விலைம்மா. அவ்வளவுதான். சனிக்கிழமை எடுத்துட்டு வாங்க."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இருபத்தேழு வருஷம் கவுன்டருக்கு உள்ளேயிருந்து, அழுக்கு நோட்டும் கசங்கல் நோட்டும் நீட்டினவர்களிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் பழக்கத்தில் அதுவாகவே சொல்லிவிட்டது.

சனிக்கிழமை செல்வமேரி பூப்போட்ட கைக்குட்டையில் சுற்றி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, அதை இன்னொரு துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். சத்தியநாதன் கையை அலம்பி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷம் கழித்து முதல் தடவையாகத் தொடப்போகிறார். கைக்குட்டையைப் பிரித்தவுடன் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சாதம் வடித்த கஞ்சி வாடை.

நோட்டு அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நடு மடிப்பு போன இடம் தெரியவில்லை. அதோடு கூடவே, அச்செழுத்துக்கு இருக்கும் மேடும் போய்விட்டது. விரலால் தடவினால் வழவழவென்று ஓடியது. ஓரத்து வெள்ளையெல்லாம் லேசாக நீலம் பாரித்திருந்தது.

"சோப்புத் தண்ணில ஊற வெச்சு, கசக்காம அலசினேன் சார். அப்பால கஞ்சில முக்கி, ரெண்டு சொட்டு நீலம் வுட்டு, நிழல்ல காயவெச்சு தேச்சேன். மடத்துல பீடத்துத் துணி பூரா நாந்தான் தொவைப்பேன். பூசைக்குப் போடுற துணில ஒரு சுருக்கம் இருக்காது. பிரிஜித் சிஸ்டர் எல்லார் கிட்டயும் காட்டும், செல்வமேரி கையி மாதிரி வராதுன்னு." இதைச் சொல்லும்போது அந்த அறுபது வயது முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது.

அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டவர் பீடத்துக்குப் போகிற துணிக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதையை அந்தத் தாளுக்குச் செய்திருக்கிறாள். செய்யச் சொன்னது யார்? இவர்தான். நோட்டை மேஜை மேல் வைத்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அவள் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிம்மா, அனுப்பிடறேன். விலை நான் சொன்ன அளவுக்கு வருமான்னு தெரியாது. மார்க்கெட் கொஞ்சம் டல்லா இருக்கு" என்றார். வயது ஐம்பத்தெட்டு ஆகியும், கவுன்டரில் ஒரு பைசா பிசகாதவர் என்று பேர் வாங்கியும், வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவள் படியிறங்கிப் போனதும் தபீதாள் என்ன விஷயம் என்று கேட்டாள். முகத்தைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துகொண்டிருந்தாள். மீதியைச் சொன்னார். துவைத்த நோட்டுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்றார்.

"அப்போ அவங்க கிட்ட சொல்லிடுங்க. உங்க வாயிலேருந்து வந்த வார்த்தை, நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது."

ஏலம் முடியட்டும், பணத்தைக் கொடுக்கும்போது சொல்லிவிடுகிறேன் என்றார். தபீதாள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நோட்டை இன்ஷூர் செய்து அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, அதே நோட்டு படமாகி அவருடைய திரைக்கே வந்தது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். அங்கே சபலம் தட்டாமலில்லை. படத்தில் கஞ்சி வாடை வராது. ஓரத்து நீலத்தை வெளிச்சத்தின் கோளாறு என்று தள்ளிவிடலாம். 'மடிப்பில்லை, கிட்டத்தட்டப் புதிது' என்று எழுதினால் எவனாவது ஒருவன் நம்பி வாங்குவான், செல்வமேரி வீடு பாதியாவது எழும்பும். சாயங்காலம் வரைக்கும் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில், சோப்பில் கழுவப்பட்டது, கஞ்சியிடப்பட்டது, நீலம் ஏறியது, அழுத்தித் தேய்க்கப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். இது தெரிந்தவருடைய நோட்டு என்பதையும் முதலாளிக்குத் தெரிவித்தார். நீலம் எப்படி ஏறியது, கேள்விப்பட்டதே இல்லையே என்று அங்கிருந்து சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. சத்தியநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி முகம் தெரியாதவனிடம் இத்தனை ஒழுங்காக உண்மை பேச முடிகிறது, முடிச்சூரில் இருக்கிற பெண்பிள்ளையிடம் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கமிஷன் போக முப்பத்தாறாயிரம் வந்தது. அக்டோபர் முதல் வாரம் செல்வமேரி வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு லட்சத்தை எதிர்பார்த்தவள் முகம் வாடும் என்று சத்தியநாதன் பயந்துகொண்டிருந்தார். லேசாக வாடத்தான் செய்தது. ஆனால் அவளே தேற்றிக்கொண்டு, இவரையும் தேற்றினாள்.

"மார்க்கெட் டல்லுன்னு நீ அப்பவே சொன்னியே சார். அழுக்கோட அப்டியே குடுத்திருந்தா இதுவும் கெடச்சிருக்காது. நல்ல வேளை, நீ சொன்ன."

தபீதாள் சமையலறை வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள். இதோ, இப்போது சொல்லுங்கள் என்ற பார்வை. சத்தியநாதன், டீ சாப்பிடுகிறீர்களா என்று செல்வமேரியைக் கேட்டார்.

அதற்கப்புறம் சில நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. போனது போயிற்று, சொல்வதால் நோட்டு திரும்பி வரப்போகிறதா, அந்தப் பெண்பிள்ளையின் மனசைப் போட்டு எதற்கு உடைக்க வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். களைத்துப் போனவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

மழை ஆரம்பித்துவிட்டது. படப்பைப் பக்கம் ஏரி நிரம்புகிறது என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தபீதாளும் அவரும் கோயில் ஆராதனை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, செல்வமேரி படியேறி வந்தாள். குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, துணிப்பைக்குள்ளிருந்து அதே பூப்போட்ட கைக்குட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

ஊரப்பாக்கத்தில் இருக்கிற தங்கை ஞானஜோதிக்கும் சிஸ்டர் ஒரு தாள் கொடுத்திருந்தாராம். அவள் அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அக்காவுக்கு முப்பத்தாறாயிரம் வந்ததைக் கேள்விப்பட்டு, நீ வீட்டைத் தூக்கு, எனக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்று சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

சத்தியநாதன் கைக்குட்டையைப் பிரித்தார். இருபது பவுண்டு. அதே இரண்டு குதிரை, அதே ஏர். எட்டு வருஷத்தில் இதைப் படத்தில்கூட இரண்டே முறைதான் பார்த்திருக்கிறார். பத்துக்கும் இதற்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள தூரம். இந்த ஒரு தாள் போதும், வீட்டைத் தூக்கிவிட்டு அடியில் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிவிடலாம்.

விறைப்பாக இருந்தது. கஞ்சி வாடை அடித்தது.

"காலைல பூசைக்கு முன்னாடியே தேச்சிட்டேன் சார். போன தபா மாதிரி இல்ல, நீலம் கொஞ்சம் கம்மியாதான் வுட்டேன்."

சத்தியநாதன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தபீதாள் கையில் பைபிளோடு அப்படியே நின்றாள். இனி சொல்லாமலிருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று ஆனபிறகுதான் அவருக்குச் சொல்ல வாய் வந்தது. எல்லாவற்றையும் சொன்னார். பழைய நோட்டைத் துவைத்தால் விலை செத்துவிடும் என்பதை, அழுக்கும் மடிப்புமாகவே இருந்திருக்க வேண்டும் என்பதை, அன்றைக்குத் தான் சொன்னது அரைகுறையான வார்த்தை என்பதை, மார்க்கெட் டல் என்றதெல்லாம் பொய் என்பதை. இது இவ்வளவு போயிருக்கும் என்ற கணக்கையும் மறைக்காமல் சொன்னார். கேட்கிறவளைப் பார்க்காமல் அந்த இரண்டு குதிரைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

செல்வமேரி கத்தவில்லை, அழவுமில்லை.

"தெரியாம சொல்லிட்ட, சரி. எனக்கும் தெரியாது, தொவைச்சேன். அது போவட்டும் சார். மொத தாள எட்த்துனு வந்தன்னிக்கே சொல்லியிருந்தா, இந்தத் தாளு தப்பிச்சிருக்கும்ல?"

"ஆமா" என்றார் சத்தியநாதன்.

அவள் தலையை ஆட்டினாள். வீடு தூக்குகிறவர்களுக்குப் பொங்கல் கழித்து வரச் சொல்லியிருந்தேன், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றாள். தபீதாள் உட்காரச் சொன்னதற்கு, தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கும், சாமான்களை மேலே வைக்க வேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டாள். பிறகு மேஜை மேலிருந்த நோட்டை எடுத்து, பஸ் டிக்கெட்டை மடிப்பது போல நாலாக மடித்து, சின்ன பர்ஸுக்குள் வைத்தாள்.

மடிக்காதீர்கள் என்ற வார்த்தை சத்தியநாதனுக்குப் பழக்கத்தில் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.